வாயில்லா ஜீவன்களுக்கும் விரதம் உண்டா?

மலையகத்துத் தோட்டங்களில் அம்மன் திருவிழா என்பது ஆலயத்தின் மதிலுக்குள் மட்டும் நடந்து முடிகின்ற விழா அன்று. காப்புக் கட்டும் தினம் தொடக்கம் மஞ்சள் நீராட்டு நிறைவுறும் வரை தோட்டம் முழுவதுமே ஆலயமாகி விடுகின்றது. லயங்கள் வெள்ளையடிக்கப்படும். இஸ்தோப்புகள் கழுவப்படும். வாசல்தோறும் வேப்பிலைத் தோரணம் ஆடும். கருவாட்டுச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, குசினியில் மரக்கறி மாத்திரமே சமைப்பார்கள். மற்றைய நாட்களில் மச்சம் இல்லாமல் சோறு இறங்காது என்பவர்கள்கூட இந்த நாட்களில் வாயைக் கட்டுவார்கள். கொழுந்து மலையில் நாள் முழுவதும் நின்று உழைத்துவிட்டு வந்து, பருப்பும் கீரையும் உண்டு விரதம் காக்கும் அந்த எளிய மக்களின் பக்தி போற்றத்தக்கது என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

மஸ்கெலியாப் பகுதியின் எந்த லயத்திலும் அந்த நாட்களில் நடக்கக்கூடிய ஒரு காட்சி இது. காப்புக் கட்டி நான்காம் நாள். அடுப்படியில் பூனை சுற்றிச் சுற்றி வந்து கத்துகின்றது. பருப்புச் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பேரன் கேட்கின்றான்: "அப்பாயி, நம்ம பூனை காப்பு கட்டலியே. அதுக்கு ஏன் கருவாடு இல்ல?" அப்பாயி, "பேசாம இருடா, சாமி குத்தம் ஆயிரும்" என்று அதட்டி விடுகின்றார். ஆனால் அன்றிரவு அவருக்கும் பூனையின் சத்தத்தில் தூக்கம் வருவதில்லை.

அந்தப் பிள்ளை கேட்டது விளையாட்டுக் கேள்வி அன்று. மனிதர் தமது பக்தியால் ஏற்றுக்கொண்ட விரதத்தை, வாயில்லா ஜீவன்களின் மீதும் சுமத்தலாமா? புலால் உண்ணாத வீட்டில் வளரும் நாயும் பூனையும் புலால் உண்ணாமல்தான் வாழ வேண்டுமா? அவற்றுக்காக மீன் வாங்கினால் அந்தப் பாவம் வாங்கியவரைச் சேருமா? இன்று பிரித்தானியா முதலிய நாடுகளில் மிருக வைத்தியர்களும் விவாதிக்கின்ற இந்தக் கேள்வியை அடியார்களும் சிந்தித்துப் பார்ப்பது பயன் தரும்.

லயத்துப் பிராணிகளின் உணவு

தோட்டத்து நாய்களுக்குச் சைவ உணவு புதிதன்று. வீட்டில் மிஞ்சிய சோறு, ரொட்டித் துண்டு, பருப்புத் தண்ணீர், அரிதாக ஒரு கருவாட்டுத் தலை என்பதே லயத்து நாயின் உணவு. அது விரதத்தால் வந்த சைவம் அன்று, வறுமையால் வந்த சைவம். மனிதருக்கே மீனும் இறைச்சியும் சம்பள நாளில் மட்டும் கிடைக்கின்றபோது நாய்க்கு எங்கிருந்து கிடைக்கும்? 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது நெத்தலியும் கருவாடும்கூடத் தோட்டத்து மக்களின் கைக்கு எட்டாமற் போனதை யாவரும் அறிவர்.

பூனையின் கதை வேறு. லயத்தில் பூனை வளர்ப்பது கொஞ்சுவதற்கு மட்டுமன்று, எலிக்காகவுமே. அரிசிச் சாக்கையும் கோதுமை மாவையும் அதுதான் காவல் காத்தது. வீட்டார் வைத்தது போதாவிட்டால் பீலிக்கரையிலும் தேயிலைச் செடிகளுக்கு இடையிலும் தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொண்டது. ஆகவே திருவிழாக் காலத்தில் வீடு சைவமானாலும் பூனை முழுச் சைவமாக இருந்ததில்லை.

இப்போது நிலைமை மாறி வருகின்றது. கொழும்பிலும் ஹட்டனிலும் வேலை செய்கின்ற பிள்ளைகள் அழகான பூனைக்குட்டிகளைக் கொண்டுவந்து வீட்டுக்குள்ளேயே அடைத்து வளர்க்கின்றார்கள். அவை எலியைக் கண்டதில்லை. கொடுப்பதைத்தான் தின்ன வேண்டும். மறுபுறம், தீட்சை பெற்று முழுச் சைவமாக வாழும் குடும்பங்களும் முன்னரைவிட அதிகமாகவே உள்ளன. இவ்விரண்டும் ஒரே வீட்டில் சேரும்போதுதான் சிக்கல் பிறக்கின்றது.

பெரியோர் வகுத்த வழி

புலால் உண்ணாமையைத் தமிழில் வலியுறுத்திய பெரியோருள் முதலில் நிற்பவர் திருவள்ளுவர். திருக்குறளின் 26 ஆம் அதிகாரம் புலால் மறுத்தல், 33 ஆம் அதிகாரம் கொல்லாமை. இவ்விரண்டு அதிகாரங்களும் துறவறவியலில் அமைந்துள்ளமை கவனிக்கத்தக்கது. துறவு என்பது அறிந்து, விரும்பி, தானாக ஏற்பது. ஒருவன் தன் உடம்பை வளர்ப்பதற்காக வேறோர் உயிரின் உடம்பை உண்பதையே வள்ளுவர் கடிகின்றார். விருந்தினரையும் சுற்றத்தையும் தன்னைச் சார்ந்து நிற்பவர்களையும் பசியாற்றுகின்ற கடமையோ இல்லறவியலுக்கு உரியது. வீட்டு நாயும் பூனையும் சார்ந்து நிற்பவை. ஆகவே அவற்றுக்கு உணவிடுவது இல்லறக் கடமை. அவை துறவு பூண்டவை அல்ல.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஜீவகாருண்யத்தை வாழ்வாகவே கொண்டவர் வடலூர் இராமலிங்க அடிகளார். 1867 ஆம் ஆண்டு மே மாதம் 23 ஆம் திகதி அவர் தொடக்கிய சத்திய தருமச்சாலையில் இன்றும் பசித்தவர்களுக்கு உணவளிக்கப்படுகின்றது. மனிதரின் பசியை மட்டுமன்றி விலங்கு, பறவை, மரம், செடி ஆகியவற்றின் வாட்டத்தையும் நினைத்து உருகியவர் அவர். ஆனால் ஓர் உயிரைக் கொன்று இன்னோர் உயிரின் பசியை ஆற்றுவது ஜீவகாருண்யம் ஆகாது என்பதும் அவரது முடிந்த முடிபாகும். அப்படியானால் பூனைக்கு மீன் வாங்குபவர், பூனைக்குக் கருணை காட்டி மீனுக்குக் கொடுமை செய்தவர் ஆகின்றார் அல்லவா? பூனையின் உயிர் உயர்ந்தது, மீனின் உயிர் தாழ்ந்தது என்று சொல்ல யாருக்கு உரிமை உண்டு?

இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. பிராணிகளுக்குச் சைவ உணவு கொடுக்க விரும்புபவர்கள் எல்லோரும் வறட்டுப் பிடிவாதக்காரர்கள் அல்லர். அவர்களின் நெஞ்சில் இருப்பதும் கருணையே.

திருவண்ணாமலை ரமணாச்சிரமத்தில் உணவு முழுவதும் சைவமே. அங்கு பசுவும் நாயும் குரங்கும் மயிலும் ஆச்சிரமவாசிகளாகவே மதிக்கப்பட்டன. பகவான் ரமணர் நாய்களுக்கு முதலில் உணவிட்ட பின்னரே மற்றவர்களுக்குப் பரிமாறச் செய்தார். கமலா என்ற நாய், புதிதாக வருபவர்களை அருணாசல மலையில் உள்ள குகைகளுக்கும் தீர்த்தங்களுக்கும் அழைத்துச் சென்று காட்டியதை அவரே பலருக்குச் சொல்லியிருக்கின்றார். ஆச்சிரமச் சோற்றை உண்ட நாய்கள் அங்கு நன்றாகவே வாழ்ந்தன. ஆகவே நாயைச் சைவமாக வளர்ப்பது முடியாத காரியம் என்று சொல்வதற்கில்லை.

கழுகும் முதலையும் பெற்ற பிரசாதம்

ஆலயங்களிலும் இதற்கு உதாரணங்கள் உண்டு. தமிழ்நாட்டில் திருக்கழுக்குன்றம் வேதகிரீசுவரர் மலைக்குத் தினமும் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து, குருக்கள் கையால் சர்க்கரைப் பொங்கல் பெற்று உண்டு சென்றன. காசியில் நீராடி இராமேஸ்வரம் செல்கின்ற வழியில் அவை இங்கு இறங்குவதாக ஐதீகம். பட்சி தீர்த்தம் என்ற பெயரே இதனால் வந்தது. இலங்கையிலிருந்து யாத்திரை சென்றவர்களுள்ளும் இதைக் கண்டவர்கள் உண்டு. 1998 ஆம் ஆண்டுக்குப் பின்னர் அவை வருவதில்லை.

கேரளத்தில் காசர்கோடு மாவட்டம் கும்பளைக்கு அண்மையில் அனந்தபுரம் என்ற ஏரிக்கோயில் உள்ளது. அதன் குளத்தில் பபியா என்ற முதலை வாழ்ந்தது. பூசை முடிந்ததும் குருக்கள் கொடுக்கின்ற சோற்றுப் பிரசாதத்தை அது வாங்கி உண்ணும். யாரையும் தீண்டியதில்லை. எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் அந்த முதலை 2022 ஆம் ஆண்டு அக்டோபர் 9 ஆம் திகதி இறந்தபோது, பெரியவர் ஒருவருக்குச் செய்வது போல மாலை சூட்டி, பெருந்திரளான மக்கள் அஞ்சலி செலுத்தினர்.

இவ்விரண்டையும் காட்டி, "கழுகும் முதலையுமே சைவமாகும்போது பூனை ஆகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. கழுக்குன்றத்துக் கழுகு பொங்கலை உண்ட பின் சிறகை விரித்துப் பறந்து சென்றது. மிச்சமுள்ள பொழுதில் அது தன் இரையைத் தானே தேடிக்கொண்டது. அது இறந்த பிராணிகளை உண்ணும் இனத்தைச் சேர்ந்த பறவை. பபியா மீனைத் தொடுவதில்லை என்பது ஆலயத்தாரின் நம்பிக்கை. எனினும் குளத்தில் மீன் இருந்தது, முதலைக்கு வாயும் இருந்தது. குருக்கள் கொடுத்தது தெய்வப் பிரசாதம். அது அன்பின் அடையாளம். அதைத் தவிர வேறெதையும் தின்னாதே என்று எந்தக் குருக்களும் அந்த ஜீவன்களைக் கட்டிப் போடவில்லை. சுதந்திரமாகத் திரிகின்ற பிராணிக்கு ஒரு பிடி பிரசாதம் கொடுப்பது வேறு. கதவைச் சாத்தி அடைத்து வைத்த பிராணிக்கு அந்த ஒரு பிடியை மட்டுமே ஆயுள் முழுவதும் உணவாக்குவது வேறு.

உடலமைப்பு கூறுவது

ஆண்டவன் ஒவ்வோர் உயிருக்கும் ஒவ்வொரு வகையான உடலமைப்பைக் கொடுத்திருக்கின்றான். நாயையும் பூனையையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவது வழக்கமாயினும் வயிற்றின் கணக்கில் இரண்டும் வேறு.

நாய் ஓநாயின் வழி வந்தது. ஆயினும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதர் கையால் உண்டு பழகியதால் அதன் உடலே மாறிவிட்டது. சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2013 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, மாப்பொருளைச் சமிக்கச் செய்யும் மரபணு ஓநாயில் இரண்டு பிரதிகளே உள்ளன. நாயிலோ நான்கு முதல் முப்பது வரை உள்ளன. சோறும் ரொட்டியும் தின்று லயத்து நாய் உயிர் வாழ்வதன் இரகசியம் இதுவே. ஆனால் வெறும் சோறும் ரசமும் நாய்க்குப் போதா. புரதமும் கொழுப்பும் சில விற்றமின்களும் குறைந்தால் மயிர் உதிரும், எலும்பு தோன்றும், நோய் பற்றும். பருப்பு, கடலை, தயிர் என்பவற்றை அளவறிந்து சேர்த்து, மிருக வைத்தியரின் ஆலோசனையும் பெற்றால் நாயைச் சைவமாக வளர்க்கலாம். பிரித்தானிய மிருக வைத்தியர் சங்கம் நாய்களுக்கான தாவர உணவை முன்னர் எதிர்த்து வந்தது. 2024 ஆம் ஆண்டில், சரியாகத் திட்டமிட்டால் அது சாத்தியமே, ஆயினும் தவறு நேர்வது எளிது என்று தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது.

பூனையின் விடயத்தில் அதே சங்கம் தன் நிலையை மாற்றவில்லை. பூனைக்கு இறைச்சி உணவு இன்றியமையாதது என்றே சொல்கின்றது. காரணம் இதுதான். டோரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும் உண்டு. சோற்றிலும் பருப்பிலும் இல்லை. நாயின் உடல் அதை வேறு சத்துகளிலிருந்து ஆக்கிக்கொள்ளும். பூனையின் உடலுக்கு அதைப் போதிய அளவு ஆக்கத் தெரியாது. டோரின் குறைந்தால் பூனையின் கண்ணின் விழித்திரை கெட்டுப் பார்வை போகும் என்பது 1970களில் கண்டறியப்பட்டது. இதயத் தசையும் தளர்ந்து போகும் என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1987 ஆம் ஆண்டில் நிறுவினர். விற்றமின் ஏ இன் கணக்கும் அப்படித்தான். மனிதர் கரட்டை உண்டால் உடல் அதிலுள்ள சத்தை விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். நுவரெலியாக் கரட்டை மூட்டை மூட்டையாகக் கொடுத்தாலும் பூனையின் உடலுக்கு அந்த வித்தை தெரியாது.

டோரினைத் தொழிற்சாலையில் செய்து கலந்த தாவர உணவுகள் வெளிநாடுகளில் விற்கப்படுகின்றன. 1,369 பூனைகளின் சொந்தக்காரர்களிடம் விபரம் திரட்டி 2023 இல் வெளியான ஓர் ஆய்வு, அவ்வுணவை உண்ட பூனைகளின் உடல்நலம் மோசமாக இருக்கவில்லை என்று கூறியது. ஆனால் அது வளர்ப்பவர்கள் சொன்னதை வைத்துச் செய்த கணக்கே அன்றி, ஒவ்வொரு பூனையின் இரத்தத்தையும் இதயத்தையும் சோதித்துச் செய்த கணக்கு அன்று. மேலும் அத்தகைய உணவு தோட்டத்து வீடுகளின் கைக்கு எட்டுவதும் அன்று. இங்கு பூனைக்குச் சைவம் என்றால் சோறும் பாலும்தான். அது மெல்ல மெல்லப் பார்வையைப் பறிக்கின்ற சைவம். பூனையால் தன் கண் மங்குவதைச் சொல்லவும் முடியாது.

சிபியின் தராசு

இத்தகைய தருமசங்கடத்துக்குப் பதில் சொல்லும் கதை ஒன்று மகாபாரதத்தில் உண்டு. சோழரின் முன்னோனாகத் தமிழ் மக்கள் போற்றும் சிபிச் சக்கரவர்த்தியின் கதை அது. பருந்தால் துரத்தப்பட்ட புறா மன்னனின் மடியில் வந்து விழுந்தது. அடைக்கலம் என்று வந்ததைக் கொடுக்க மாட்டேன் என்றான் மன்னன். பின்தொடர்ந்து வந்த பருந்து வாதாடியது. இறைவன் தனக்கு விதித்த உணவைப் பறிப்பது எந்த நீதி? தான் பசியால் மாண்டால் தன்னை நம்பிய குஞ்சுகளும் மாளும். ஒன்றைக் காக்கப் பலவற்றைக் கொல்வது தருமமா?

இவ்விடத்தில் சிபி செய்ததை ஊன்றிக் கவனிக்க வேண்டும். "இனிமேல் நீ புலால் உண்ணாதே" என்று அவன் பருந்துக்கு உபதேசம் செய்யவில்லை. பருந்தின் பசி நியாயமான பசி என்று ஒப்புக்கொண்டான். புறாவின் உயிரும் மேலானது என்று ஒப்புக்கொண்டான். இரண்டுக்கும் நடுவே தராசைக் கொண்டுவரச் செய்து, புறாவின் எடைக்குத் தன் தொடைச் சதையை அரிந்து வைத்தான். கருணை காட்ட விரும்பியவன் அவன். அந்தக் கருணைக்கு உரிய விலையைக் கொடுத்தவனும் அவனே. அவன் அதைப் பருந்தின் வயிற்றிலிருந்து எடுக்கவில்லை.

இதில்தான் விடை இருக்கின்றது. விரதம் பூண்டவரே விரதத்தின் சுமையைத் தாங்க வேண்டும். தன் நாவை அடக்குவது விரதம். பிறருடைய வயிற்றை அடக்குவது விரதம் ஆகாது. கந்தசஷ்டியில் ஆறு நாளும் உபவாசம் இருப்பவர் தம் பாலகனைப் பட்டினி போடுவதில்லை. நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் முதியவருக்கும் உபவாசத்தில் விலக்கு உண்டு. விரதம் என்றால் என்னவென்று அறிந்து ஏற்கும் மனமும் தாங்கும் உடலும் உள்ளவருக்கே விரதம். அறிவுள்ள மனிதரிலேயே இத்தனை பேருக்கு விலக்கு அளித்த சமயம், பூனைக்குக் காப்புக் கட்டச் சொல்லுமா?

தருமபுத்திரரின் கதையும் இதையே உணர்த்தும். சுவர்க்க வாயிலில் நாயை விட்டுவிட்டு வா என்று இந்திரன் சொன்னபோது, நம்பி வந்ததைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் வேண்டாம் என்றார் அவர். நாயை நாயாகவே ஏற்றுக்கொண்டார்.

உருத்திராட்சப் பூனை

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு எனப்படும் பெரும் பாறைச் சிற்பத்தில், 7 ஆம் நூற்றாண்டின் பல்லவர் காலச் சிற்பி ஒரு பூனையையும் செதுக்கியிருக்கின்றான். அது தவசியைப் போல முன்னங்கால்களை உயரத் தூக்கி நிற்கின்றது. சுற்றிலும் எலிகள். காண்பவர்கள் சிரிக்கின்றார்கள். பேச்சு வழக்கிலும் பொய்வேடக்காரரை உருத்திராட்சப் பூனை என்றே சொல்வது வழக்கம். பூனை சைவமாவது நடவாத காரியம் என்பதை முன்னோர் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் உண்மையில் எந்தப் பூனையும் தானாக உருத்திராட்சம் அணிவதில்லை. அதன் கழுத்தில் அதைக் கட்டிவிடுபவர் மனிதர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி உண்பவர், வெள்ளிக்கிழமை பூனையின் தட்டில் மீன்முள் கிடக்கக் கண்டு முகம் சுளிப்பாரானால், வேடம் யாருடையது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மஸ்கெலியா மலைகளில் சிறுத்தைகள் உண்டு. இரவில் லயத்து நாயைத் தூக்கிச் செல்வதும் உண்டு. அதற்காகச் சிறுத்தையைப் பாவி என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் 2020 ஆம் ஆண்டு மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் கம்பிச் சுருக்கில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை ஒன்று, காப்பாற்றி உடவளவைக்குக் கொண்டு செல்லப்பட்டும் பிழைக்கவில்லை. சிறுத்தை தின்பது அதன் இயற்கை. சுருக்கு வைத்தது மனிதர் செயல். பாவ புண்ணியக் கணக்கு மனிதருக்கே உரியது. விலங்கின் பெயரில் அதை எழுதக் கூடாது.

செய்யத் தக்கவை

அப்படியாயின் வள்ளலாரின் கேள்விக்கு என்ன விடை? மீனும் ஓர் உயிர்தானே? அந்தக் கேள்வியின் கனத்தைக் குறைக்காமலே, சைவக் குடும்பத்தார் செய்யக்கூடியவை சில உள்ளன.

முதலாவது, மீனைக் கையால் தொடவும் மனம் ஒப்பாதவர்கள் பூனை வளர்க்க ஆசைப்படாதிருப்பதே நேர்மை. பசு வளர்க்கலாம், பொறுப்போடு நாய் வளர்க்கலாம், புறாவுக்கும் காகத்துக்கும் உணவிடலாம். ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்ட பூனை ஒரு கடன். அந்தக் கடனைத் தீர்க்காமல் இருக்க முடியாது.

இரண்டாவது, மீன் கடையில் தலையையும் வாலையும் கழிவென்று எறிகின்றார்கள். அவற்றைக் கேட்டு வாங்கி, வீட்டுக்கு வெளியே தனி அடுப்பில், தனிச் சட்டியில் அவித்துக் கொடுக்கலாம். பூனைக்கென்று அங்கு எந்த உயிரும் கொல்லப்படவில்லை. அவித்த தண்ணீரில் டோரின் கரைந்துவிடும் ஆகையால் அந்தத் தண்ணீரையும் சோற்றோடு பிசைந்து வைக்க வேண்டும்.

மூன்றாவது, நாய் பூனைகளுக்குக் கருத்தடை செய்விப்பது. பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டி வீதியோரத்திலும் ஆலய வாசலிலும் விட்டுச் செல்வோர் உண்டு. மாரியம்மன் காப்பாற்றுவாள் என்று சொல்லிக்கொண்டு பால்குடி மறவாத குட்டியை மழையில் விட்டுச் செல்வது பக்தி அன்று. பிறக்கும் குட்டிகள் குறைந்தால் அவற்றுக்கு வேண்டிய புலாலும் குறையும். கொல்லாமையை விரும்புபவர் பூனையின் வயிற்றைக் குறைக்க வேண்டியதில்லை. இவ்வழியில் அதனிலும் பெரிய கொல்லாமையைச் செய்யலாம். உணவிடுகின்ற நாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசியும் ஏற்றுவிக்க வேண்டும்.

நான்காவது, பிரசாதம் கொடுப்பதில் கவனம். முந்திரிகை வற்றல் சேர்ந்த பொங்கலை நாய்க்கு வைக்கக் கூடாது. சிறிதளவு வற்றலும் சில நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். வெங்காயமும் உள்ளியும் நாய்க்கும் பூனைக்கும் ஆகா. அவை இரத்தத்தைக் கெடுக்கும். அன்னதானத்தில் மிஞ்சியதை லஞ்ச் சீட்டோடு எறிந்தால் நாய் அதையும் சேர்த்து விழுங்கும். பூதயக்ஞம் என்று பெரியோர் வகுத்தது பிற உயிர்களுக்குச் செய்யும் வேள்வி. வேள்வியைக் குப்பையோடு சேர்த்துச் செய்யலாகாது.

திருவிழா நாட்களைப் பற்றியும் தெளிவு வேண்டும். வளர்ந்த, நோயற்ற நாய்க்குப் பத்து நாள் சைவத்தால் கேடு வராது. வெளியே திரிந்து எலி பிடிக்கும் பூனைக்கும் அப்படியே. ஆனால் பூனை உணவைத் தொடாமல் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் அதன் ஈரல் பழுதாகக்கூடும். வீட்டுக்குள் அடைபட்ட பூனை, சினைப்பட்டது, குட்டிக்குப் பால் கொடுப்பது, பால்குடி மறந்த சிறு குட்டி ஆகிய இவற்றை விரதத்தில் சேர்ப்பது தகாது.

தோட்டத்து எல்லைக்குள் மச்சம் ஆகாது என்ற கட்டுப்பாடு காலங்காலமாக வந்தது. அதை ஆளுக்கு ஒரு விதமாக மீறுவதும் முறையன்று. ஆகவே காப்புக் கட்டுவதற்கு முன் கூடுகின்ற ஊர்க் கூட்டத்தில் இதையும் ஒரு விடயமாக எடுத்துப் பேசலாம். திருவிழா அறிவித்தலில் எத்தனையோ வரிகள் அச்சிடப்படுகின்றன. "குட்டிப் பிராணிகளுக்கும் ஈன்ற பிராணிகளுக்கும் வீட்டுக்குள் அடைத்து வளர்க்கும் பூனைகளுக்கும் விரதக் கட்டுப்பாடு இல்லை, அவற்றின் உணவை லயத்துக்கு வெளியே, காப்புக் கட்டாதவர் சமைத்து வைக்கலாம்" என்று இன்னும் ஒரு வரி சேர்ப்பதால் அம்மனின் சாந்நித்தியம் குறைந்துவிடாது. வைரவர் மடையில் வடைமாலை சாத்திக் கும்பிடுகின்றபோது, அந்த வைரவரின் வாகனம் எது என்பதையும் அடியார்கள் மறந்துவிடக் கூடாது.

அந்த அறிவித்தலைப் பேரன் வாசித்துக் காட்டினால், காப்புக் கட்டிய அப்பாயியும் நிம்மதியாகத் தூங்குவார். காப்பு அவர் கையில் இருக்கட்டும். பூனையின் தட்டில் அதற்குரியது இருக்கட்டும். எல்லா உயிர்களையும் ஈன்ற தாய் அவள். எந்தப் பிள்ளைக்கு எந்த உணவு என்பதை அவளே வகுத்து வைத்திருக்கின்றாள். அவளுடைய பிள்ளைகளுள் வாயில்லாதவற்றுக்கும் பசியாற்றிவிட்டு அவள் சந்நிதிக்கு வருகின்ற அடியார்களின் விரதத்தை அன்னை ஏற்று அருள்பாலிப்பாளாக.

சுபம்.